குழுமம் வேண்டாம், சேர்நடிப்பு போதும்

ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக, ஒரு தொலைக்காட்சித் தொடரின் விமர்சனத்தில் அந்தச் சொற்றொடரைப் படித்துவிட்டேன்: "பணியிடக் குழும நகைச்சுவை." கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த விமர்சனத்தை வாய்விட்டுப் படித்தபோது, பிளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகள், "எந்தக் குழுமம் சித்தப்பா, சிமெண்ட் கம்பெனியா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. பிழை, எழுதியவருடையது.

'குழுமம்' என்று அவர் மொழிபெயர்த்த மூலச்சொல் ஆன்சாம்பிள் (ensemble). பிரெஞ்சில் 'சேர்ந்து', 'ஒன்றாக' என்று பொருள். அதற்குப் பின்னால் 'ஒரே நேரத்தில்' என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல் நிற்கிறது. நாயகன் என ஒருவரைச் சுட்ட முடியாதபடி பலரும் கதையைச் சுமக்கும் நடிப்பை ஆங்கிலம் இச்சொல்லால் குறிக்கிறது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

இனி குழுமம். 'குழுமு' நல்ல தமிழ் வினை. மக்கள் குழுமினார்கள் என்று இன்றும் எழுதுகிறோம். அந்த வினையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதிலிருந்து வந்த பெயரை நாளிதழ்கள் எப்போதோ வணிகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. டாடா குழுமம், முருகப்பா குழுமம் என்றால் ஓர் உரிமையின் கீழ் பல நிறுவனங்கள் என்று எல்லோருக்கும் புரிகிறது. உச்சியில் ஒரு தலைமை, கீழே கிளைகள். ஆன்சாம்பிள் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. அங்கே யாரும் யாருக்கும் கிளை இல்லை. அதிலும் கதை நடப்பதே ஓர் அலுவலகத்தில் என்னும்போது, 'குழுமம்' வாசகரைப் பிடித்துத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதை ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னபோது, "அகராதியில் இருக்கிறது" என்றார். அகராதி பல பொருள்களைத் தரும். எந்த வாக்கியத்தில் எது நிற்கும் என்று பார்ப்பதற்குத்தானே மொழிபெயர்ப்பாளர் வேண்டும்?

இன்னொரு சாரார் 'துணை நடிகர் பட்டாளம்' என்கிறார்கள். இது இன்னும் மோசம். அமெரிக்காவின் 'தி ஆபீஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரான்டன் என்ற ஊரில் காகிதம் விற்கும் ஒரு கிளை அலுவலகம்தான் கதைக்களம். 2005 முதல் 2013 வரை 201 அத்தியாயங்கள் ஓடியது. மேலாளராக நடித்த ஸ்டீவ் கரேல் 2011இல், ஏழாம் பருவத்திலேயே விலகிவிட்டார். அதன் பிறகும் இரண்டு பருவங்கள் வந்தன. மற்றவர்கள் எல்லாம் வெறும் 'துணை' என்றால் அது எப்படி முடிந்திருக்கும்? மேசையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் நிமிராத ஸ்டான்லி எத்தனை வசனம் பேசினார் என்று யாரும் எண்ணுவதில்லை. அவர் நிமிராமல் இருப்பதால்தான் மற்றவர்களின் ஆட்டம் சிரிப்பாகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. கல்யாண வீட்டில் "மேளம் வந்துவிட்டதா?" என்று கேட்டால் தவிலை மட்டுமா கேட்கிறோம்? நாதசுரம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஒத்து ஊதுபவர் ராகம் வாசிப்பதில்லை. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு இருப்பார். அவர் நிறுத்தினால் நாயனத்துக்குக் கால் ஊன்ற இடமில்லை. ('ஒத்து ஊதுகிறான்' என்று ஆமாம் போடுகிறவனைச் சொல்வது அந்தக் கலைஞருக்கு இழைத்த அநீதி. இப்போது அவர் இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு வருத்தம்.)

இத்தகைய தொடர்களின் ஈர்ப்பும் இதுதான். குடும்பத்தில் ரத்தம் சேர்க்கிறது, நட்பில் விருப்பம் சேர்க்கிறது. அலுவலகத்தில் சம்பளமும் நாற்காலியும் சேர்க்கின்றன. நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர், மூட்டை தூக்குபவர்கள், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடக்கூடாதே என்று கருவியையே பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயி. மேகம் கறுத்ததும் அத்தனை பேரும் ஒரே தார்ப்பாயின் நான்கு மூலைக்கும் ஓடுகிறார்கள். இதில் யார் நாயகன்? தமிழில் ஒருவர் இதைத் தொடராக எடுத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

சரியான சொல் எது? மேளம் என்றால் இசையை விட்டு வெளியே வராது. பல்லியம் அழகான பழஞ்சொல், ஆனால் அது பல இசைக்கருவிகள். அதை நடிகர்கள் தலையில் கட்ட முடியாது. கோஷ்டி என்ற சொல் திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினக் கிருதிகளைக் கோஷ்டி கானமாகக் கேட்கும்போது இனிக்கிறது. மறுநாள் நாளிதழில் 'கோஷ்டி மோதல்' என்று வந்து கெடுத்துவிடுகிறது. 'கூட்டு' கூட்டணியை நினைவூட்டும். குழாம் ஆட்களை மட்டும் சொல்கிறது, அவர்கள் நடிக்கும் முறையைச் சொல்லவில்லை.

பலர் ஒன்றாகப் பாடும் இசைக்குத் தமிழில் ஏற்கெனவே 'சேர்ந்திசை' இருக்கிறது. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் அந்த இசைவடிவத்தைத் தமிழ்நாட்டில் ஊன்றினார். சொல்லும் அதோடு ஊன்றிவிட்டது. பிரெஞ்சு மூலத்தின் பொருளும் அதே 'சேர்ந்து'தான். ஆகவே சேர்நடிப்பு. வினைத்தொகை: சேர்ந்த நடிப்பு, சேர்கின்ற நடிப்பு, சேரும் நடிப்பு. நடிப்பவர்கள் சேர்நடிகர்கள். தொடர், பணியிடச் சேர்நடிப்பு நகைச்சுவை. சற்று நீளம்தான், ஆனால் படிக்கிறவர் சிமெண்ட் கம்பெனிக்குப் போகமாட்டார்.

'சேர்' என்றால் பழைய எடை அளவு அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் நினைவுக்கு வருவது நெற்சேர்: வைக்கோலை முறுக்கிப் பிரியாக்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி எழுப்பி, நடுவில் நெல்லைக் கொட்டி வைப்பார்கள். சேர்நடிப்பு என்றதும் ஒருவருக்கு அது நினைவுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.