படியிறங்கிய பிறகு வரும் பதில்

பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பெரியப்பா கேட்கிறார்: "என்ன தம்பி, வேலை ஒண்ணும் அமையலையா? இன்னும் காலியாத்தான் இருக்கியா?" பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "இல்ல பெரியப்பா, பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பதற்கு மேல் வாய் எழவில்லை. சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து வருகிறது பதில்: "இப்போதைக்குக் காலிதான் பெரியப்பா. இன்னும் மூணு சேர்ந்தா நாற்காலி!"

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் 'படிக்கட்டுச் சாதுரியம்' என்கிறார்கள். அந்தப் பெயர் 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ சொன்ன ஓர் அனுபவத்திலிருந்து வந்தது. பாரிஸில் வங்கியாளர் ழாக் நெக்கேர் வீட்டு விருந்தில் எழுத்தாளர் மார்மோந்தெல் எள்ளலாக ஒன்றைச் சொல்ல, திதரோ வாயடைத்துப் போனார். தன்னைப் போல உணர்ச்சிவசப்படுகிறவன், எதிராளி சொன்னதிலேயே முழுதாக மூழ்கித் தடுமாறுகிறான். படிக்கட்டின் அடிக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெளிவு வருகிறது என்று, நடிப்புக்கலை பற்றிய தன் நூலில் எழுதினார். அக்காலப் பெரிய வீடுகளில் வரவேற்பறை மேல்தளத்தில் இருந்தது. படி இறங்கினால் விருந்து முடிந்தது என்று பொருள். அந்த நூல் அவர் இறந்து 46 ஆண்டுகள் கழித்து, 1830இல்தான் அச்சேறியது. எதிராளியின் சொல்லில் கவனம் முழுதாகச் சிக்கிக்கொள்வதுதான் கோளாறு என்று அவர் கண்டது, இன்றைய அளவீடுகளோடு நன்றாகவே பொருந்துகிறது.

முதலில் நேரக் கணக்கு. 2009இல் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்த ஆய்வில், ஒருவர் கேள்வியை முடித்ததற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்கியதற்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லிவினாடிதான் இருந்தது. கண்ணிமைக்கும் நேரம், அவ்வளவே. (தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும் ஜப்பானியம்தான் அந்தப் பத்தில் மிக வேகமான மொழி, வாக்கிய அமைப்பைக் குறை சொல்ல வழியில்லை.) ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கவே மூளைக்குச் சுமார் 600 மில்லிவினாடி வேண்டும். எளிய வாக்கியம் என்றால் ஒன்றரை வினாடி. அப்படியானால் 200 மில்லிவினாடியில் பதில் வருவது எப்படி? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். அவர் எங்கே போகிறார் என்பது பாதி வாக்கியத்திலேயே தெரிந்துவிடுவதால் இது நடக்கிறது.

குத்தல் பேச்சில் இந்த உத்தி பலிக்காது. அதன் கொடுக்கு வாலில் இருக்கிறது. "வேலை அமையலையா" வரைக்கும் அது சாதாரண விசாரிப்பு; அதற்குரிய சாதாரண பதில் உள்ளே பாதி தயாராகிவிட்டது. "காலியாத்தான்" என்ற சொல் விழுந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். கைவசம் இருப்பதோ ஏறத்தாழ ஒரு வினாடி. அதைத் தாண்டிய மௌனத்தை, பதில் இல்லை என்று கூட்டம் படித்துவிடும். அதனால் பாதி தயாரான பழைய பதிலே வெளியே வந்து விழுகிறது.

அந்த ஒரு வினாடிக்குள் 'நாற்காலி' பதிலுக்கு என்னென்ன வேலை ஆக வேண்டும் என்று பாருங்கள். 'காலி' என்ற சொல்லின் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பிடிக்க வேண்டும். அந்த ஒலியில் முடியும் வேறு சொற்களைத் தேட வேண்டும். நான்கு கால் உள்ளது என்பதால் வந்த 'நாற்காலி'யை, நான்கு காலி என்று வேண்டுமென்றே தப்பாகப் பிரிக்க வேண்டும். நாற்காலிக்குப் பதவி என்ற பொருளும் உண்டு என்பது தட்டுப்பட வேண்டும். பெரியப்பாவிடம் மரியாதை குறையாத தொனியில் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். இவற்றில் எதுவும் கடினமில்லை. ஆனால் எல்லாமே தூரத்துச் சொந்தங்களைத் தேடிப்போகும் வேலை, அதற்குக் கவனம் தளர்வாக இருக்க வேண்டும்.

அவமானம் கவனத்தை இறுக்குகிறது. மூளைத்தண்டில் இருக்கும் லோக்கஸ் செருலியஸ் என்ற சிறு முடிச்சு, உடலை உஷார்ப்படுத்தும் ரசாயனமான நார்அட்ரினலினைப் பொழிகிறது. அளவாகச் சுரந்தால் அது விழிப்பைக் கூட்டும். அளவு மீறினால், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணியின் நரம்பு வலைகள் தற்காலிகமாகத் தொடர்பு இழந்துவிடுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாலைந்து செய்திகளை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திப் புரட்டிப் பார்ப்பது அந்தப் புறணியின் வேலை. சிலேடைக்கு வேண்டியதும் அதுவேதான். நார்அட்ரினலின் விளைவுகளில் ஒரு பகுதியைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்துச் செய்த சோதனைகளில், கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் திறன் மேம்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது.

இந்த நார்அட்ரினலின் அலை சில நிமிடங்களில் வடியும். ஆனால் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் தாமதமாக ஏறுகிறது. சீண்டல் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில்தான் உச்சம் தொடும். கார்டிசால் கூடியிருக்கும்போது, முன்பு கற்ற சொற்களை நினைவிலிருந்து எடுப்பது கடினமாகிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன. லேசான கிண்டலுக்குப் பதில் படிக்கட்டிலேயே வர, ஆழமாகக் குத்திய சொல்லுக்கு இரவு படுக்கையில் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ரசாயனம் வடிவது மட்டும் போதாது, தவறான பதிலும் மறக்க வேண்டும். மண்டபத்தில் முதலில் தோன்றிய "நான் ஒண்ணும் காலியா இல்ல" என்ற மறுப்பு, மனதின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மீண்டும் மீண்டும் தேடினாலும் அதுவே கையில் சிக்கும். சற்று நேரம் வேறெதிலாவது ஈடுபட்டால் அதன் பிடி தளர்ந்து, பின்னால் நிற்கும் சொற்களுக்கு வழி கிடைக்கிறது. 2009இல் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி விட்டுப்பிடிப்பதால் பலன் உண்டு என்பது உறுதியானது. சொல் சார்ந்த புதிர்களில், இடைவேளையில் சும்மா இருப்பதைவிட மூளையை அதிகம் வாட்டாத எளிய வேலை ஒன்றைச் செய்வது கூடுதல் பலன் தந்தது. படி இறங்குவது, பாத்திரம் தேய்ப்பது, ஜன்னலோரம் வேடிக்கை பார்ப்பது எல்லாம் அந்த ரகம்தான்.

பதில் பளிச்சிடும் கணத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். தீ, பணம், வாக்கு மூன்றோடும் சேரும் ஒரு சொல் எது? இத்தகைய புதிர்களைக் கொடுத்து மூளையின் மின்னலைகளை அளந்தபோது, விடை சட்டென்று தோன்றியவர்களுக்கு மூளையின் வலப்பக்கப் பொட்டுமடலின் (காதுக்கு மேலே உள்ள பகுதி) முன்பகுதியில், விடையை அறிவிப்பதற்குச் சுமார் 0.3 வினாடி முன்பு வேகமான அலைத்துடிப்பு எழுந்தது. அதற்கும் ஒரு வினாடி முன்பே, பார்வைக்குரிய பின்பகுதியில் ஆல்ஃபா அலை உயர்ந்தது. கண் வழி வரும் வரத்தை மூளை கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். பத்துப் பேர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் அந்த அடைப்பு எளிதில் அமையாது. (விடை: பெட்டி.)

பேருந்தில் வந்த பதில் அவ்வளவு பிரமாதமாகத் தோன்றுவதற்கு இன்னொரு காரணம், அங்கே பெரியப்பா இல்லை. கற்பனையில் அவர் வாயடைத்து நிற்கிறார். நேரில் நிற்க மாட்டார். பதிலை ஒரு தாளில் எழுதி, அதற்கு அவர் சொல்லக்கூடிய மூன்று பதில்களையும் கீழே எழுதிப் பாருங்கள். "முதல்ல ஒரு ஸ்டூல் தேடு" என்பார். மூன்றையும் தாங்கி நிற்கிற பதில் மட்டுமே உண்மையில் நல்ல பதில்.

வேகத்தைப் பழக்க முடியும், ஆனால் வாக்கியங்களை மனப்பாடம் செய்து அல்ல. ஆசுகவி பாடியவர்கள் கொடுத்த சொல்லை வைத்து உடனே வெண்பா சொன்னார்கள் என்றால், வெண்பாவின் சட்டகம் அவர்கள் நாவில் ஊறியிருந்தது. தேட வேண்டிய இடம் குறுகியிருந்தது. பேச்சிலும் சட்டகங்கள் உண்டு. அவருடைய குத்தல் சொல்லை நாமே எடுத்துக்கொள்வது ஒன்று. ஒப்புக்கொண்டு பெரிதாக்குவது இன்னொன்று. 'நாற்காலி' இரண்டும் சேர்ந்தது. தாமதமாக வந்த பதிலை அன்றிரவே எழுதி, அது எந்தச் சட்டகம் என்று குறித்து, அதே சட்டகத்தில் வேறு இரண்டு சொற்களுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்பச் செய்தால்தான் தங்கும்.

சபையில் நேரம் வாங்க எளிய வழி, கடைசிச் சொல்லைத் திருப்பிக் கேட்பது: "காலியாவா பெரியப்பா?" பேச்சு நம் கைக்கு வந்துவிடுகிறது, ஒன்றிரண்டு வினாடியும் கிடைக்கிறது, அந்தச் சொல்லின் ஒலி நம் காதில் இன்னொரு முறை விழுகிறது. கேட்டதும் மூச்சை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சில் இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

ஒரு பதிலை வாயில் வைத்துக்கொண்டு தருணம் பார்த்திருப்பதுதான் பெரும்பாலும் காலை வாரிவிடும். வட்டமாக உட்கார்ந்து முறைபோட்டுப் பேசுகிறவர்கள், தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் சொன்னதை மிகக் குறைவாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று 1973இலேயே ஓர் ஆய்வு காட்டியது. ஒத்திகையில் இருக்கும் மூளை கேட்பதில்லை. அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா "எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போற?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்; நம் நாக்கின் நுனியில் நாற்காலி நின்றுகொண்டிருக்கும்.