கருவில் மதுவின் தாக்கம்: கோலின் எங்கே, எப்போது உதவுகிறது?

கருவில் இருக்கும் குழந்தைக்கு ரத்தம் தனி. ஆனால் மதுவிலக்கு கிடையாது. தாய் குடித்த சிறிது நேரத்தில் கருவின் ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவு ஆல்கஹால் ஏறிவிடும். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் கருவிடம் மிகக் குறைவு. பனிக்குட நீரில் கலந்தது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதன் விளைவைத்தான் 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் லயன்ஸ் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் 'ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே மழுங்கிய நடுப்பள்ளம், சிறிய கண்கள் ஆகியவை முகத்தில் தெரியும் அடையாளங்கள். பாதிக்கப்பட்ட பல குழந்தைகளுக்கு முகம் சாதாரணமாகவே இருக்கும். நினைவாற்றலிலும் கவனத்திலும்தான் அடி விழுந்திருக்கும்.

இந்தச் சேதத்தைக் குறைக்க ஆராயப்பட்ட ஊட்டச்சத்துகளில் அதிகம் சோதிக்கப்பட்டது கோலின். மூளை கட்டப்படும்போது இதற்கு மூன்று வேலை. செல்லின் மேலுறைக்கு வேண்டிய பாஸ்ஃபடிடைல்கோலின் இதிலிருந்து வருகிறது. நினைவுக்கு உதவும் அசிடைல்கோலினுக்கும் மூலப்பொருள் இதுவே. மூன்றாவதாக, பீட்டைனாக மாறி மீத்தைல் குழுவை வழங்குகிறது. எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று டி.என்.ஏ மேல் இடப்படும் குறிகளுக்கு அந்த மீத்தைல் தேவை. பி வகை வைட்டமினான ஃபோலேட்டும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஃபோலேட் குடலில் உறிஞ்சப்படுவதையே மது கெடுக்கிறது. ஒரு வழி அடைபடும்போது பாரம் முழுக்க கோலின் மேல் விழுகிறது.

கோலின் சேதத்தைத் துடைத்து எடுப்பதில்லை. கட்டடம் எழும்பும்போது செங்கல் தருகிறது, அவ்வளவே. அதனால் நேரம்தான் எல்லாம்.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்டக் கூலியின் ஒரு பங்கை ஒயினாகவே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கர்ப்பக் காலக் குடி அங்கே பரவலானதற்கு அதுவும் ஒரு காரணம். கேப் டவுனில் சாண்ட்ரா, ஜோசப் ஜேக்கப்சன் குழுவினர், அதிகம் குடித்த சுமார் 70 கர்ப்பிணிகளைச் சேர்த்தனர். ஒரு பிரிவுக்கு 23-ஆம் வாரத்துக்கு முன்பே தொடங்கிப் பிரசவம் வரை நாளொன்றுக்கு 2 கிராம் கோலின்; மறு பிரிவுக்குக் கோலின் இல்லாத வெற்றுத்தூள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்தத் தூளின் சுவையும் திராட்சைதான்!

பிறந்த குழந்தைகளை 6.5 மாதத்தில் சோதித்த விதம் எளிமையானது. ஓர் ஒலி எழுப்பி, உடனே கண்ணில் மெல்லக் காற்றை ஊதுவார்கள். பலமுறை செய்தபின், ஒலி கேட்டதுமே, காற்று வரும் முன்பே குழந்தை கண்ணை மூடினால் சிறுமூளை கற்றுவிட்டது என்று பொருள். அதே ஊரில் முன்பு நடந்த ஓர் ஆய்வில், முழு சின்ட்ரோம் கொண்ட 5 வயதுக் குழந்தைகளில் ஒருவர்கூட இதைக் கற்கவில்லை. கோலின் பிரிவுக் குழந்தைகளோ வெற்றுத்தூள் பிரிவை விட அதிகம் கற்றன. பிறப்பில் குறைவாக இருந்த எடையும் தலைச் சுற்றளவும் பின்னர் நன்றாகவே ஈடுகட்டப்பட்டன.

பிறந்த பிறகு கொடுத்தால்? எலிகளில் ஜெனிஃபர் தாமஸ் குழு 2000-இலேயே பலன் கண்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜெஃப்ரி வோஸ்னியாக், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட, 2.5 முதல் 5 வயது வரையுள்ள 60 குழந்தைகளைச் சேர்த்தார்; ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மி.கி வீதம் 9 மாதம் கோலின், மறு பிரிவுக்கு வெற்றுத்தூள். நினைவாற்றலில் முன்னேறியவர்கள் 4 வயதுக்கு உட்பட்டவர்களே. நான்கு ஆண்டு கழித்துத் திரும்பச் சோதித்தபோது கோலின் பெற்றவர்களிடம் கவனக்குறைவு குறைவாகவும், சொல் சாராத அறிவுத்திறன் கூடுதலாகவும் இருந்தன. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 625 மி.கி வீதம் 6 வாரம் கொடுத்த வேறொரு ஆய்வில் ஒன்றும் நடக்கவில்லை. வயது கடந்ததா, 6 வாரம் போதவில்லையா? இரண்டும் சேர்ந்துதான் என்பது எம் கணிப்பு.

மற்ற ஊட்டச்சத்துகளில் இரும்பும் துத்தநாகமும் முக்கியம். மது தாயின் கல்லீரலில் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைப் பெருக்கும். அது துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, கருவுக்குப் போவது குறையும். தாய்க்கு ரத்தசோகை இருந்தால் மதுவின் கேடு கூடுகிறது. வைட்டமின் ஏ மட்டும் கத்திமேல் நடப்பது போல. நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் ரெட்டினாலாக எடுத்தால் அதுவே கருவில் ஊனம் உண்டாக்கலாம்.

கர்ப்பிணிக்குப் பரிந்துரை நாளொன்றுக்கு 450 மி.கி கோலின், பாலூட்டும்போது 550. ஒரு பெரிய முட்டையில் சுமார் 147 மி.கி, கிட்டத்தட்ட எல்லாம் மஞ்சள் கருவில்தான், அதை ஒதுக்கினால் போச்சு. ஒரு கப் பாலில் சுமார் 43 மி.கிதான், ஆகவே சைவத்தில் கணக்கை எட்டுவது சிரமம். அரசு மருத்துவமனைகளில் தரும் இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரையில் (60 மி.கி இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) கோலின் கிடையாது.

கோலின் டப்பா வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'கோலின் பைடார்ட்ரேட் 500 மி.கி' என்றிருந்தால் அதில் கோலின் 41 விழுக்காடுதான், அதாவது 205 மி.கி. வோஸ்னியாக் குழு 513 மி.கி கோலினுக்கு 1.25 கிராம் தூள் போட வேண்டியிருந்தது. லெசித்தினில் விகிதம் இன்னும் குறைவு.

கோலினின் உச்ச வரம்பு நாளொன்றுக்குப் பெரியவர்களுக்கு 3,500 மி.கி, 1 முதல் 8 வயதுக்கு 1,000. மீறினால் வியர்வை, ரத்த அழுத்தச் சரிவு. வரம்புக்குள்ளேயே சிலர் உடம்பில் மீன் வாடை அடிக்கும்: குடல் பாக்டீரியா கோலினை டிரைமெத்தைலமினாக மாற்ற, கல்லீரல் அதை வாடையற்றதாக்கும் வேகம் போதாததே காரணம். மினசோட்டாக் குழந்தைகளிடமும் அதிகம் பதிவான பக்கவிளைவு அதுதான். எந்தப் பிரிவில் எந்தக் குழந்தை என்று யாருக்கும் தெரியக்கூடாத ஆய்வில், மூக்கே காட்டிக்கொடுத்துவிடும் அபாயம் வேறு.