நத்தையின் வாலைக் கிள்ளிப் போடும் ஆயா

போன மழைக்காலத்தில் எங்கள் தெருக்கோடி அக்கா கேரிபேக்கில் அரைக்கிலோ நத்தையோடு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரருக்கு மூலம், மகளுக்கு ஹீமோகுளோபின் 8. "ரெண்டுக்கும் நத்தைதான் மருந்துன்னு சொல்றாங்க. ஆனா ஏரித் தண்ணியில ஈயம் கலந்திருக்குன்னு வாட்ஸ்அப்புல வருது. நீ லேப்லதான இருக்க, பாத்துச் சொல்லேன்" என்றார்.

புதுச்சேரியில் லேப், கடலூரில் வீடு. உணவுப் பொருளை அமிலத்தில் கரைத்து அதில் ஈயம் எவ்வளவு, காட்மியம் (ஈயம் மாதிரியே உடம்பில் சேரும் ஒரு நச்சு உலோகம்) எவ்வளவு என்று மெஷினில் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு, அதனால் மழை விட்டால் இப்படி யாராவது பையோடு வருவது வழக்கம்தான். நத்தை நல்லதா கெட்டதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீரில் பிடித்தது, அதில் எந்தப் பாகத்தைச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதுதான் நான் திருப்பிக் கேட்பது.

வாட்ஸ்அப் ஈயத்தைச் சொன்னாலும் நத்தையில் நான் யோசிப்பது காட்மியத்தைத்தான். நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் வேண்டும், அதைத் தண்ணீரிலிருந்தும் தின்கிற பாசி, இலையிலிருந்தும் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். காட்மியம் அயனியின் (மின்னேற்றம் உள்ள அணு) அளவு கிட்டத்தட்டக் கால்சியம் அளவுதான், ஆள் மாறாட்டம் செய்து அதே வாசல் வழியாக உள்ளே போய்விடும். போனதை நத்தை வெளியேற்றப் பார்க்காமல் ஒரு புரதத்தோடு கட்டிச் செரிமானச் சுரப்பியில் மூட்டை போட்டு வைத்துவிடும். அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது தெரியுமா? வேகவைத்த நத்தையை ஊக்கால் சுழற்றி இழுத்தால் கடைசியில் கரும்பச்சையாகச் சுருண்டு வருமே, அந்த வாலில்தான். முன்னால் கெட்டியாக, மூடியோடு வருவது வெறும் சதை. ஒரே நத்தையை இரண்டாக வெட்டித் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் பல சமயம் வால் பக்கத்துக் கணக்கு சதையை விடப் பல மடங்கு நிற்கும்.

அந்தக் காலத்து ஆயாக்கள் இதைச் சேற்று வாடைக்காகத்தான் கிள்ளிப் போட்டார்கள், காட்மியம் அவர்களுக்குத் தெரியாது. இப்போது யூடியூபில் பார்த்துச் செய்கிறவர்கள்தான் "சத்தெல்லாம் அதுலதான்" என்று வாலோடு சூப் வைக்கிறார்கள்.

அக்காவின் மகள் விஷயம்தான் எனக்கு உறுத்தியது. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் இரும்புக்கான கதவை அகலமாகத் திறந்து வைக்கும், அதே கதவில் காட்மியமும் கூடுதலாக நுழையும். ரத்தம் ஊற வேண்டும் என்று யாருக்குப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்கிறோமோ அவளுக்குத்தான் அது அதிகம் ஒட்டும், சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பாதி இறங்கவே 10 முதல் 30 வருடம். எட்டு என்றால் நத்தையை நம்பி உட்காரக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இரும்புச் சத்து மாத்திரை வாங்கு என்றேன். (அவர் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பீடிக்கட்டு. காட்மியம் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் அதைத்தான் தூக்கிப் போட வேண்டும், புகையிலை மண்ணிலிருந்து காட்மியத்தை நன்றாகவே உறிஞ்சும். சொன்னேன், சிரித்துக்கொண்டார்.)

சரி, எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் சொன்ன வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம். 50 கிலோ பெண்ணுக்கு 1.25 மில்லிகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் உள்ள கறி என்றால் மாதம் ஒன்றேகால் கிலோவிலேயே கணக்கு முடிந்துவிடும், இதற்கு மேல் சோற்றிலும் கீரையிலும் வருவது வேறு. ஆக மாதம் ஒரு தடவை வாலை நீக்கிச் சாப்பிடுகிறவர் பயந்து நடுங்க ஒன்றுமில்லை, வாரம் மூன்று நாள் மருந்தாகக் குடிக்கிறவர்தான் யோசிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வுகளில் பெரும்பாலும் உலர் எடைக்குத்தான் அளவு கொடுப்பார்கள், சட்ட வரம்போ ஈர எடைக்கு. சதையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் உலர்ந்த கணக்கை அப்படியே வரம்போடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு பூதாகரமாகத் தெரியும். செம்பு அதிகம் என்று அலறுகிற செய்தியும் அப்படித்தான், நண்டு, நத்தை இரண்டின் ரத்தமும் செம்பை வைத்துத்தான் ஓடுகிறது, அது இருந்தே தீரும்.

நண்டில் வேறு கதை. சளிக்கு வயல் நண்டை உரலில் முழுசாக இடித்து ரசம் வைக்கிறோமே, ஓட்டுக்குள் மஞ்சளாக இருக்கும் அதன் கல்லீரல் மாதிரியான பாகமும் சேர்ந்தே இடிபடுகிறது. ஐரோப்பாவில் கடல் நண்டின் இந்தப் பாகத்தை அளவோடு சாப்பிடுங்கள் என்று 2011இலேயே சொல்லிவிட்டார்கள். மேலோட்டைப் பிரித்து மஞ்சளையும் செவுளையும் எடுத்துவிட்டு இடித்தால் ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று கேட்கிறார்கள். கிருமி சாகும், உலோகம் எங்கே போகும்? நீர் வற்ற வற்றக் கிராமுக்குக் கூடத்தான் செய்யும். ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைப்பது வயிற்றுச் சேறு கக்குவதற்குச் சரி, சுரப்பியில் கட்டி வைத்தது இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

விராலில் மட்டும் இந்தக் கிள்ளிப் போடுகிற வேலை பலிக்காது. மெத்தில் பாதரசம், அதாவது மீனில் சேரும் பாதரச வகை, சதையிலேயே கலந்திருக்கும், சின்ன மீனைத் தின்று வளர்கிற மீன் என்பதால் பெரிசாக ஆக ஆகச் சேரும். கர்ப்பிணிகளுக்கு ஏரியில் பிடித்த பெரிய விராலைவிடக் கெண்டை போதும்.

அப்புறம் தண்ணீர். ஃபாஸ்பேட் உரத்தோடு காட்மியம் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கு வரத்தான் செய்கிறது, ஆனால் சாயக் கழிவு இறங்குகிற வாய்க்கால், பழைய பேட்டரி உடைக்கிற இடம், ரோட்டோரக் குட்டை, இவற்றோடு ஒப்பிட்டால் வயல் வரப்பு எவ்வளவோ மேல். புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் ஏரியில் பிடித்தது என்று சொல்லி விற்பதும் நிஜமாகப் பாகூர் ஏரியில் பிடித்தது தானா என்று யாருக்குத் தெரியும்.

அக்கா கொண்டு வந்த பையை நான் மெஷினில் ஓட்டவில்லை, அரைக்கிலோ நத்தைக்கு அந்தச் செலவு கட்டாது. யாரிடம் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதுநகர் பக்கம் தரையில் சாக்கு விரித்து உட்காரும் ஒரு ஆயாவாம். மறுநாள் வேலை முடிந்து வருகிற வழியில் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தகர டப்பா, அது முழுக்கக் கிள்ளிப் போட்ட வால்கள், மேலே ஈ மொய்த்துக் கிடந்தது. "கேக்கறவங்களுக்கு வாலோட குடுத்துடறேன் கண்ணு, கேக்காதவங்களுக்குக் கிள்ளிடுவேன்" என்றார். எங்கே பொறுக்கினது ஆயா என்றேன். கையை நீட்டி மேற்கே காட்டினார், "கழனிதான், நடவு நட்ட கழனி."