கப்பிச் சாலையை இறுக்கிய நீராவி ரோலர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பு, துறைமுகச் சரக்கைச் சுமந்தவை இரும்புப் பட்டை போட்ட கட்டைவண்டிகள். அவற்றின் குறுகிய சக்கரங்கள் பாரம் முழுவதையும் சில விரற்கடை அகலத்தில் இறக்கியதால், கடலோரத்து மணற்பாங்கான நிலத்துக்கு, உடைகற்களைப் பரப்பி இறுக்கிய கப்பிச் சாலை இன்றியமையாததாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் மெக்காடம் வகுத்த முறைப்படி, கூர்முனையுள்ள உடைகற்களை அடுக்கடுக்காகப் பரப்பினால், அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பசை எதுவுமின்றியே பாரத்தைத் தாங்கும். கூழாங்கல் உருண்டுவிடும், இதற்கு உதவாது.

கற்களை இறுக்கும் வேலையை மெக்காடம் போக்குவரத்திடமே விட்டிருந்தார். பின்னர் குதிரையோ காளையோ இழுத்த உருளைகள் வந்தன. ஆனால் எடையைக் கூட்டினால் விலங்குகளையும் கூட்ட வேண்டும், அவற்றின் குளம்புகளோ சமப்படுத்த வேண்டிய கல்லையே கிளறிவிடும். தானே நகரும் நீராவி உருளையை 1860களில் பிரான்சில் லெமுவான் முயன்று பார்த்தார். கல்கத்தாவில் பணியாற்றிய பொறியாளர் வில்லியம் கிளார்க்கும் அதற்கு ஒரு வடிவம் வகுத்தார். அதை விற்பனைப் பொருளாக்கியவர், 1867இல் இங்கிலாந்தின் ரோச்செஸ்டரில் உற்பத்தியைத் தொடங்கிய தாமஸ் அவெலிங்.

இந்த வண்டிக்குப் பெரும்பாலும் தனிச் சட்டகம் கிடையாது, கொதிகலனே முதுகெலும்பு. கொதிகலன்மேல் அமைந்த சிலிண்டருக்குள் நீராவி பிஸ்டனை இருபுறமும் மாறிமாறித் தள்ள, கிராங்க் தண்டும் பல்சக்கரங்களும் பின்சக்கரங்களைச் சுழற்றும். பிஸ்டன் அசையாமல் நிற்கும்போதே அழுத்தம் அதன்மேல் விழுவதால், நின்ற நிலையிலிருந்தே பெரும் இழுவிசை கிடைக்கிறது. லீவரை மாற்றினால் வால்வின் நேரம் மாறி, வண்டி அதிர்வின்றிப் பின்னோக்கி நகரும். புதிதாகப் பரப்பிய கப்பியில் ஒரு குலுக்கல்கூடப் பள்ளமாகப் பதிந்துவிடும் என்பதால், என் பார்வையில் எடையைவிட இந்த மென்மையே ரோலரின் பெரிய தகுதி. முன் உருளை இரு துண்டுகளாக இருப்பதும் அதற்காகவே: திருப்பத்தில் வெளிப்பாதி வேகமாகவும் உள்பாதி மெதுவாகவும் சுழன்று, கல்லைச் சுரண்டாமல் செல்லும்.

எடை மிகுந்தால் கல் நொறுங்கும். அவெலிங்கின் முதல் ரோலர்கள் 30 டன் வரை எடை கொண்டிருந்தன. பிற்காலத்தில் 10 டன்னையொட்டிய வண்டிகளே பரவலாயின. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டி, சரளையும் கல்தூளும் தூவி, நீர் தெளித்து மீண்டும் உருட்டுவார்கள். நீர் உராய்வைக் குறைத்துக் கற்களை அமர்த்தி, தூளை இடுக்குகளில் இறக்கும். தண்ணீர் வண்டிக்காரருக்குப் பாதிப் புகழாவது சேர வேண்டும்!

கொதிகலனுக்கும் நல்ல நீர் வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டைக் கிணறுகளில் ஊறும் உப்புநீரைப் போன்றது உள்ளே படிவாகத் திரண்டு, வெப்பம் நீரைச் சேரவிடாமல் தடுத்து, தகட்டைப் பழுக்கக் காயவைக்கும். நீர்மட்டம் அளவுக்குமேல் இறங்கினால், நெருப்பறையின் கூரையிலுள்ள ஈயத் தக்கை உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும்.

மோட்டார் கார்களின் ரப்பர் டயர்கள் கப்பியின் தூளை உறிஞ்சி எடுத்துப் புழுதியாக்கவே, தார் வந்தது. ரோலரின் தேவை குறையவில்லை. டீசல் ரோலர் அதன் இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் சாலையன்று: நெருப்பு மூட்டி நீராவி திரளும்வரை அதிகாலையிலிருந்து காத்திருக்கும் வேலை டீசலில் இல்லை.