முக்குளிப்பான் பறக்காத மாதம்

மதுரை வண்டியூர் கண்மாய்க் கரையில் காலை நடைக்கு வருகிறவர்களில் சிலர், தண்ணீருக்குள் முங்கி இரை தேடும் சின்ன நீர்ப்பறவையான முக்குளிப்பானில் அங்கே இரண்டு வகை இருப்பதாகச் சொல்வார்கள். ஒன்றுக்குக் கழுத்தும் கன்னமும் செங்கல் நிறம், அலகின் அடியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பொட்டு. இன்னொன்று மங்கிப்போன பழுப்பு, பொட்டும் அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் ஒரே பறவைதான். முதலாவது கூடு கட்டும் பருவத்தில் இருக்கிறது, இரண்டாவது அந்தப் பருவத்துக்கு வெளியே இருக்கிறது. ஆண், பெண் என்று பிரிக்கவும் வழியில்லை. இரண்டும் சேர்ந்தேதான் நிறம் மாறும்.

வளர்ந்து முடிந்த இறகு சாயத்தை மாற்றிக்கொள்ளாது. வளரும்வரைதான் அதற்குள் இரத்த ஓட்டம் உண்டு. அது நின்றதும் இறகு உயிரற்ற கெரட்டின், நம் நகத்தில் இருப்பது போன்ற புரதம். கிழிந்தால் ஆறாது, வெயிலில் வெளுத்தால் மறுபடி கறுக்காது. கலைந்த இழைகளை அலகால் கோதிச் சேர்க்கலாம், வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துத் தடவலாம், அவ்வளவுதான். மெலனின் என்ற கறுப்பு நிறமி தேய்மானத்தைக் கொஞ்சம் தாங்கும். உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும் பல கடற்பறவைகளுக்கு இறக்கை நுனி மட்டும் கறுப்பாக இருப்பது சும்மா அழகுக்கு அல்ல. ஆனால் கறுப்பு இறகும் ஒருநாள் தேயும். நிறம் மாற வேண்டுமானாலும் சரி, தேய்ந்ததைப் புதுப்பிக்க வேண்டுமானாலும் சரி, பழைய இறகு விழுந்து புதியது முளைத்தாக வேண்டும்.

முளைப்பதை நல்ல தொலைநோக்கி இருந்தால் கரையிலிருந்தே பார்க்கலாம். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தில் இறக்கையை விரித்து வெயில் காயும் நீர்க்காகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது அவசரப்படாது. தோலில் உள்ள குழியிலிருந்து கிளம்பும் புது இறகு, பழையதை வெளியே தள்ளிவிட்டு ஒரு குச்சியாக நீளும். குச்சியைச் சுற்றி நீலச் சாம்பல் நிறத்தில் உறை, உள்ளே இரத்தம். இந்த நிலையில் ஒடிந்தால் இரத்தம் வரும். நுனியிலிருந்து உறை காய்ந்து செதில் செதிலாக உதிர, உள்ளே சுருண்டிருந்த இறகு விரியும். பறவை கோதும்போது வெள்ளைத் தூளாகப் பறப்பது அந்த உறைதான்.

இதற்குச் செலவு அதிகம். பறவை உடம்பில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறகில்தான் இருக்கிறது. அதனால் ஒரே நேரத்தில் குஞ்சையும் வளர்த்து, முழு இறகையும் மாற்றுவது பெரும்பாலான பறவைகளுக்குக் கட்டுப்படியாகாது. கூடு கட்டும் முன் தலை, கழுத்து என்று கண்ணில் படும் இடங்களில் மட்டும் சின்னதாக ஒரு மாற்றம். குஞ்சு தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, இறக்கை உட்பட முழு மாற்றம். முக்குளிப்பானின் செங்கழுத்து முதல் வகையில் வந்தது. நீர்க்காகத்தின் தலையில் தெரியும் வெள்ளை மயிர்த்தூவிகளும் அப்படித்தான். கூடு கட்டும் நாட்களைத் தாண்டி அவை அதிகம் நிலைப்பதில்லை.

நிறக் கதையைவிட இறக்கைக் கதைதான் எனக்குச் சுவாரசியம். இறக்கை இறகை மாற்ற இரண்டு வழி: கடையைத் திறந்து வைத்துக்கொண்டே ஒவ்வொரு அலமாரியாக வெள்ளையடிப்பது, அல்லது ஒரேயடியாக ஷட்டரை இறக்கிவிட்டு வேலையை முடிப்பது. காக்கை முதல் ரகம். இடப்பக்கம் ஓர் இறகு விழுந்தால் வலப்பக்கமும் அதே இறகு விழும். பறப்பதில் சமநிலை கெடாது. தலைக்கு மேலே பறக்கும்போது இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில் சந்து தெரியும்.

முங்கிப் பிழைக்கும் பறவைகளுக்கு இது அவ்வளவு எளிதல்ல. வட அட்லாண்டிக் கரைகளில் கூட்டம் கூட்டமாக வாழும் கில்லிமாட் என்ற கடற்பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ, அதாவது நம் காக்கையைப் போல மூன்று மடங்கு. இறக்கையை விரித்தால் 70 சென்டிமீட்டர் அளவுதான், காக்கையைவிடக் குறைவு. காரணம், அது தண்ணீருக்குள்ளும் இறக்கையால்தான் நீந்துகிறது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. அங்கே பெரிய இறக்கை பாரம். இப்படி அளந்து வைத்த இறக்கையில் நாலு இறகு போனாலே பறப்பது தடுமாறும். எப்படியும் பறக்க முடியாது என்றால் பல மாதம் இழுத்தடிப்பானேன்? கில்லிமாட் எல்லாப் பறப்பு இறகுகளையும் ஒரேயடியாக உதிர்த்துவிட்டு ஒன்றரை, இரண்டு மாதம் கடலிலேயே கிடக்கிறது. முங்குவதற்கு எப்படியும் இறக்கையைப் பாதி மடக்கித்தான் வைத்துக்கொள்ளும் என்பதால் மீன்பிடிப்பு நிற்பதில்லை. அந்த நேரத்தில் அப்பாவோடு குஞ்சும் இருக்கும். மூன்று வார வயதில், பறக்கத் தெரியாமலே பாறை முகட்டிலிருந்து கடலில் குதித்து அப்பாவைச் சேர்ந்துகொண்ட குஞ்சு அது. இரண்டு பேருக்கும் அப்போது பறக்க வராது.

பென்குயினுக்கு இதே கணக்கு தலைகீழ். பறப்பு இறகு என்று இழக்க அதனிடம் ஒன்றுமில்லை. போவது உடம்பு முழுக்க உள்ள குளிர்க் கவசம். புது இறகு உள்ளேயிருந்து தள்ள, பழையது கொத்துக் கொத்தாகக் கழன்று தொங்கும். அந்தக் கோலத்தில் குளிர்ந்த கடலில் இறங்க முடியாது, இறங்காவிட்டால் சாப்பாடு கிடையாது. அதனால் முன்கூட்டியே வயிறு புடைக்கத் தின்று கொழுத்துவிட்டு, இறகு மாறி முடியும்வரை பட்டினியாக நிற்கிறது. பேரரசப் பென்குயினுக்கு இது ஒரு மாதத்துக்கு மேல்; அதற்குள் உடல் எடையில் பாதியளவு கரைந்துவிடும்.

சரி, கண்மாய்க்கு வருவோம். முக்குளிப்பான் முங்குவது காலால், இறக்கையால் அல்ல. ஆனாலும் அது கில்லிமாட் கட்சி. பறப்பு இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, மூன்று நான்கு வாரம் பறக்காமல் தண்ணீரிலேயே ஓட்டிவிடும். பலருக்கு இது தெரியாமலே போவதற்குக் காரணம், மற்ற நாளிலும் அது பகலில் பறந்து நாம் பார்ப்பது அபூர்வம் என்பதுதான். ஆபத்து என்றால் உள்ளே போய்விடும், இறக்கை எதற்கு?

நீர்க்காகத்தின் பிழைப்பு வேறு. கூடு ஒரு கண்மாயில், மீன் இன்னொரு கண்மாயில், ராத்தங்கல் வேறு மரத்தில். பறக்காமல் ஒரு வாரம்கூட உட்கார முடியாது. அது காக்கையைப் போல ஒவ்வொன்றாக மாற்றுகிறது, ஒரு நுணுக்கத்தோடு. உள்பக்கத்திலிருந்து தொடங்கிய மாற்றம் இறக்கை நுனியை எட்டும் முன்பே உள்பக்கத்தில் அடுத்த அலை தொடங்கிவிடும். அதனால் விரித்த இறக்கையில் புதுக் கறுப்பும் வெளுத்த பழுப்பும் மாறி மாறி இருக்கும். சந்துகள் சின்னச் சின்னதாகச் சிதறியிருப்பதால் பறப்புக்குப் பெரிய கேடில்லை.

இதே மரத்தில் உட்காரும் பாம்புத்தாரா, நீர்க்காகத்துக்கு நெருங்கிய சொந்தம். அதே மீன், அதே முங்கல், அதே வெயில் காய்தல். ஆனால் பறப்பு இறகை ஒரேயடியாக உதிர்க்கிறது. சொந்தத்தை வைத்து இறக்கைக் கணக்கைச் சொல்லிவிட முடியாது.

எப்போது மாற்றுவது என்பதை முடிவு செய்வது யார்? வடக்கு நாடுகளில் பெரும்பாலும் பகலின் நீளம். பறவையின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் உண்டு. மண்டையோட்டைத் தாண்டி வரும் வெளிச்சம் அவற்றுக்குப் போதும். அங்கிருந்து கிளம்பும் தகவல் தைராய்டு, பாலின ஹார்மோன்கள் வழியாக இறகுக் குழிகளை எட்டுகிறது. லண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். இங்கே ஆண்டைப் பிரிப்பது மழை. ஐரோப்பாவிலும் இருக்கும் அதே முக்குளிப்பான் அங்கே வசந்தம் வந்தால் சிவக்கிறது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, மிதக்கும் கூட்டைக் கட்டிவைக்கச் செடிகொடி கிடைத்தால்தான் அதற்குப் பருவம். கோடை மழை நன்றாகப் பெய்து தண்ணீர் நின்றால் மறுபடியும் ஒரு சுற்று. அதனால்தான் ஒரே மாதத்தில் வண்டியூரில் சிவந்த கழுத்தும், மாடக்குளத்தில் பழுப்புக் கழுத்தும் கண்ணில் படலாம்.

கோடையில் கண்மாய் வற்றி, ஊர் கூடி மீன்பிடிக்க இறங்கும்போது, சேற்றிலோ கரையிலோ பறக்காமல் தத்தளிக்கும் முக்குளிப்பான் சில சமயம் பையன்கள் கையில் மாட்டும். இறக்கை ஒடிந்துவிட்டது என்று வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். முதலில் இரண்டு இறக்கையையும் மெதுவாக விரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் நீலச் சாம்பல் குச்சிகள் வரிசையாக இருந்தால் அது காயம் அல்ல, இறகு மாற்றம். கால் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் அதற்கு நடக்கவும் சரியாக வராது. இறகு முழுதாக இருந்தாலும் தரையிலிருந்து எழும்பாது. அரிசி, தண்ணீர் என்று எதுவும் வைக்க வேண்டாம். துணி போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, அன்றைக்கே தண்ணீர் உள்ள பக்கத்துக் கண்மாயில் விட்டுவிட்டால் போதும்.