பாயிண்ட் திறக்கும் கணத்தில் கண்டென்சர் செய்யும் வேலை

"பாயிண்ட் வைத்த பழைய கார். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நன்றாகச் சூடானதும் திணறி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பிளக், ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. இனி எதைப் பார்ப்பது?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். பெட்ரோல் ஒழுங்காக வருகிறதென்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரோடு இணைந்திருக்கும் அந்தச் சின்ன உலோகக் குப்பியைப் பாருங்கள். மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர் அதுதான்.

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சுவிட்ச். அது மூடியிருக்கையில், வோல்டேஜை ஏற்றித் தரும் கம்பிச்சுருளான காயிலின் முதன்மைச் சுற்றில் சுமார் 4 ஆம்பியர் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் புலம் சரிகிறது. துணைச் சுற்றில் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் இருப்பதால் பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் போகிறது. இதுவரை பள்ளிப் பாடம்தான்.

ஆனால் காயிலில் ஓடும் மின்னோட்டம் சொன்னவுடன் நிற்காது. வழியை மறித்தால் தானே வோல்டேஜை ஏற்றிக்கொண்டு பாயப் பார்க்கும். பாயிண்ட் முனைகள் பிரியத் தொடங்கும்போது இடைவெளி மயிரிழை அளவுகூட இருக்காது. கண்டென்சர் இல்லையென்றால் அங்கேயே பொறி தாண்டிவிடும். அந்தப் பொறி எரியும்வரை மின்னோட்டம் மெதுவாகத்தான் குறையும். மெதுவாகச் சரியும் புலத்தால் பிளக்கில் பொறி எழுப்ப முடியாது. காயிலில் சேர்ந்த ஆற்றல் பாயிண்டைக் கருக்கியே தீர்ந்துபோகும்.

பாயிண்டுக்குப் பக்க இணைப்பாக இருக்கும் கண்டென்சரின் கொள்ளளவு 0.2 மைக்ரோ ஃபாரட் அளவில் இருக்கும். முனைகள் விலகியதும் மின்னோட்டம் அதற்குள் திரும்புகிறது. 4 ஆம்பியர் பாய்ந்தால் வோல்டேஜ் ஒரு மைக்ரோ நொடிக்கு 20 வோல்ட் வீதம் ஏறும். சில நூறு வோல்ட்டை எட்டப் பத்து இருபது மைக்ரோ நொடியாவது வேண்டும். அந்த அவகாசத்தில் முனைகள் விலகிக்கொள்கின்றன. நிரம்பிய கண்டென்சர் சும்மாவும் இருப்பதில்லை, மின்னோட்டத்தைக் காயிலுக்குள் எதிர்த்திசையில் திருப்பித் தள்ளுகிறது. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்துவதற்காகவே அதற்கு இன்னொரு வழியைத் திறந்துவிடும் இந்த ஏற்பாடு எனக்கு அலுக்கவே அலுக்காது.

பெரிய கண்டென்சர் போட்டால் பெரிய பொறி வரும் என்பது வெறும் மூடநம்பிக்கை. கொள்ளளவு கூடினால் வோல்டேஜின் உச்சம் தாழ்ந்துவிடும். குறைந்தால் பாயிண்ட் கருகும். அளவு தவறும்போது ஒரு முனையில் குழியும் எதிர்முனையில் மேடும் விழும்.

சோதனைக்கு ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, இக்னிஷனைப் போட்டு, காயிலில் பேட்டரி ஒயர் வரும் முனையில் லாம்ப் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு பாயிண்ட் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து கிராங்க் செய்யுங்கள். விட்டுவிட்டு எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முனையில் அழுக்கு. எரியவே இல்லையென்றால் கண்டென்சர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது மினுக்கினால் கண்டென்சர் உள்ளே ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால் பாயிண்ட் திறக்கிறதா, அதன் ஒயர் எங்காவது எர்த்தில் படுகிறதா என்று பாருங்கள். காயிலின் முதன்மைச் சுற்றையும் அளந்துவிடுங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்கு முன்னால் மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயிலில் சுமார் 3 ஓம் காட்டும்.

உள்ளே இணைப்பு விட்டுப்போன கண்டென்சரை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, மூடிய நிலையில் உள்ள பாயிண்டை ஸ்க்ரூடிரைவரால் திறந்துபாருங்கள். முனைகளுக்கிடையே கொழுத்த பொறி தெறித்தால் கண்டென்சர் வேலை செய்யவில்லை. அதன் உடல்தான் எர்த் என்பதால், பிடிப்புத் திருகு துருப்பிடித்தாலும் இதே கதிதான். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காயில் கொதித்துவிடும்.

மல்டிமீட்டர் சரியான கொள்ளளவைக் காட்டினாலும் நம்பிவிட வேண்டாம். அது சில வோல்ட்டில் அளக்கிறது; சூட்டில், சில நூறு வோல்ட்டில் நடக்கும் கசிவு அதற்குத் தெரியாது. வண்டி நின்ற அந்தச் சூட்டிலேயே நல்லதென்று தெரிந்த வேறொரு கண்டென்சரை மாட்டிப் பார்ப்பதே உருப்படியான சோதனை. பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை உங்கள் காரின் கையேட்டில் உள்ளபடி, பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டருக்கு, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். இத்தனைக்குப் பிறகும் சூட்டில் நின்றால் அடுத்து மாற்றிப் பார்க்க வேண்டியது காயில்.