‘குணசாலியான ஸ்திரீ’: ஒரு சொல்லின் உள்ளே மறைந்த வலிமை

கிறிஸ்தவத் திருமண ஆராதனையில் மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்ல எழும் போதகர் பெரும்பாலும் திறப்பது வேதாகமத்தின் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைத்தான். “குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்? அவளுடைய விலை முத்துக்களைப்பார்க்கிலும் உயர்ந்தது.” வசனத்தை வாசித்துவிட்டு அடக்கம், பொறுமை, எதிர்த்துப் பேசாமை என்று விரித்துக்கொண்டே போவார்கள். மணப்பெண் தலைகுனிந்து நிற்பாள். அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருளா?

முதலில் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். குணம், சாலி இரண்டும் வடசொற்கள். ‘சாலி’ என்றால் உடையவர். புத்திசாலி, பலசாலி, பாக்கியசாலி என்று நாம் நாள்தோறும் புழங்குவதுதான். அப்படியானால் குணசாலி என்பவர் நற்குணம் உடையவர். ஆணையும் அப்படிச் சொல்லலாம், பெண்ணையும் சொல்லலாம். ஆனால் பேச்சு வழக்கில் ‘குணமான பெண்’ என்றால் சத்தம் போடாத பெண், சொன்னதைக் கேட்கிற பெண் என்றுதான் காதில் விழுகிறது. ‘ஸ்திரீ’யும் வடசொல்லே, இன்று வேதாகமத்துக்கு வெளியே அதைப் பேச்சில் கேட்பது அரிது.

எபிரேய மூலத்தில் இருப்பது ‘ஏஷெத் ஹாயில்’. ‘ஏஷெத்’ பெண்ணையும் குறிக்கும், மனைவியையும் குறிக்கும். சிக்கல் ‘ஹாயில்’ என்ற சொல்லில்தான். வலிமை, வீரம், திறமை, செல்வம், படை ஆகிய அத்தனை பொருளும் அதற்கு உண்டு. செங்கடலில் மூழ்கிய பார்வோனின் சேனைக்கு யாத்திராகமம் 14 தரும் பெயர்களுள் ஒன்று அதுதான். இன்றைய எபிரேயத்திலும் படைவீரனுக்குரிய சொல் இதே வேரிலிருந்து பிறந்ததே.

நம் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவானது. அதில் இந்தச் சொல் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று ஒருநாள் விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். நியாயாதிபதிகள் 6:12இல் தேவதூதன் கிதியோனை “பராக்கிரமசாலியே” என்று அழைக்கிறான். ‘வீரன்’ என்ற சொல்லோடு ‘ஹாயில்’ சேர்ந்து வரும் இடம் அது. யாத்திராகமம் 18:21இல் மோசே தேர்ந்தெடுக்க வேண்டிய ஆண்கள் ‘திறமையுள்ள’ மனுஷர். ரூத் 2:1இல் போவாஸ் ‘மிகுந்த ஆஸ்திக்காரன்’. ஒரே அதிகாரம் தாண்டி, 3:11இல், அதே போவாஸ் ரூத்தைப் பார்த்துச் சொல்கிறான்: “நீ குணசாலி.” மூலத்தில் இருவருக்கும் ஒரே ‘ஹாயில்’தான். ஆணுக்குச் சொல்லும்போது பராக்கிரமமும் திறமையும் ஆஸ்தியும் ஆனது, பெண்ணுக்கு வந்ததும் குணம் ஆகிவிட்டது. ‘சாலி’ கிதியோனுக்கும் உண்டு, ரூத்துக்கும் உண்டு; முன்னால் நிற்கும் சொல்தான் வேறு. இதை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

மொழிபெயர்த்தவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘ஆண்மையுள்ள பெண்’ என்ற பொருளில் எழுதியது. லத்தீன் ‘வலிமையான பெண்’ என்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இட்ட ‘வெர்ச்சுவஸ்’ (virtuous) என்ற சொல்லும் ‘ஆண்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் வீரத்தைக் குறித்ததே. போகப்போக அது ஒழுக்கம், அதிலும் பெண்ணின் கற்பு என்று குறுகிப்போனது.

பாடலைப் படித்தாலே ஐயம் தீரும். எபிரேய எழுத்துகள் 22. ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வசனமாகத் தொடங்கி 22 வசனங்கள், 10 முதல் 31 வரை. அதிகாரத்தின் தலைப்போ, ஒரு தாய் தன் மகனாகிய லேமுவேல் ராஜாவுக்குப் போதித்தது என்கிறது. அந்தப் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள். புடவைகளை உண்டுபண்ணி விற்கிறாள். வாயை ஞானம் விளங்கத் திறக்கிறாள். 11ஆம் வசனத்தில் “அவன் சம்பத்துக் குறையாது” என்ற இடத்தில் மூலத்திலுள்ள சொல்லின் நேர்ப்பொருள் போர்க்களத்தில் கிடைக்கும் கொள்ளைப்பொருள். 15ஆம் வசனத்தில் அவள் வீட்டாருக்குக் கொடுக்கும் ஆகாரத்துக்குரிய சொல், சிங்கம் பிடித்துவரும் இரைக்கு வழங்குவது. “தன்னைப் பெலத்தால் இடைக்கட்டிக்கொண்டு” என்பது 17ஆம் வசனம். 22 வசனங்களில் மௌனம் எங்குமே புகழப்படவில்லை. “சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி” பேதுருவின் முதலாம் நிருபத்தில் வருவது. அதற்கு அதன் இடம் உண்டு. அதைக் கொண்டுவந்து இந்தப் பாடலின் மேல் போர்த்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

யூதக் குடும்பங்களில் வெள்ளி இரவு, ஓய்வுநாள் பந்தியில், கணவன் இதை மனைவிக்குப் பாடும் வழக்கம் உண்டு. அங்கே இது மனைவிக்குச் செலுத்தும் புகழ்ப்பாட்டு. நம்மிடம் பெண் பார்க்கும்போது கையிலெடுக்கும் பட்டியலாகிவிட்டது.

‘முத்து’ பற்றியும் ஒரு வார்த்தை. மூலச் சொல் ‘பெனினிம்’. புலம்பல் 4:7இல் அதே சொல் சிவப்புக்கு உவமையாக வருகிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பே ‘பவளம்’ என்கிறது. இங்கும் பவளமே பொருந்தும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ‘மனத்திடம்’ உள்ள மனையாள் என்றது. குணசாலியைவிட நல்ல முன்னேற்றம். ஆனால் மனத்தின் திடம் மட்டும் போதாது. இவளுக்குக் கைகளிலும் பலம் உண்டு, கையில் பணமும் உண்டு. ‘திறமைசாலி’ பாதிப் பொருளைத் தரும். ‘வீராங்கனை’ என்றால் இன்று விளையாட்டுத் திடல்தான் நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் மனைவியைப் பற்றிச் சொன்ன ‘சோர்விலாள்’ அழகான சொல், இரவிலும் விளக்கு அணையாத இந்தப் பெண்ணுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆயினும் அது சோர்வு என்ற குறை அவளிடம் இல்லை என்று சொல்கிறதே தவிர, நிறைவைப் பெயரிட்டுச் சொல்லவில்லை.

நான் தேர்ந்துகொள்வது ‘ஆற்றல்’. ஆற்றுதல் என்றால் செய்துமுடித்தல். தாங்குதல் என்ற பொருளும் உண்டு. வலிமை, திறமை, உழைப்பு மூன்றையும் அது ஏந்திக்கொள்ளும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருபோலச் சொல்லலாம். ‘ஆற்றல் மிக்க பெண்’ என்று வைத்துக்கொண்டால் கிதியோனும் போவாசும் ரூத்தும் ஒரே சொல்லில் நிற்பார்கள். 10ஆம் வசனம் இப்படி வரும்: “ஆற்றல் மிக்க பெண்ணைக் கண்டடைபவன் யார்? பவளத்தைவிட அவள் மதிப்பு உயர்ந்தது.”